உயிர்க்கு ஈடு கேட்டல்

நடுநாட்டு ஊர்களுள் ஒன்றாகிய ரிஷிவந்தியத்தில் அர்த்தநாரீசுவரர் திருக்கோயில் உளது. ஆண்டு இலிங்கத் திருமேனிக்குத் தேனாட்டுங்கால் அம்மையப்பர் உருவம் அதன்கண் தோன்றக் காண்பதாக அன்பர் பலர் கூறுவர். 2025-ஆம் ஆண்டு வைகாசித் திங்களில் ஒரு நாள் வழிபாடு முடித்து யாம் அக்கோயில் மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது, முன்னர் எம்மிடம் தமிழ் பயின்ற மாணாக்கர் ஒருவர் தம் தமக்கையாரை அழைத்துக்கொண்டு வந்தார். அவ்வம்மையார் கணவரை இழந்து அப்பொழுது நான்காவது திங்கள் நடந்துகொண்டிருந்தது.

நிகழ்ந்தது இது. கணவர் கொத்து வேலை செய்பவர், முப்பத்தாறு வயதினர். மாசி மாதத்து இரவொன்றில் வேலை முடித்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புகையில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று அச்சு முறிந்து நடுச்சாலையில் நின்றிருந்தது. பின்விளக்கு இல்லை, ஒளிபட்டால் மின்னும் சிவப்புத் தாள் ஒட்டப்படவில்லை, வழக்கமாக வைக்கும் பச்சிலைக் கொம்பும் கல்லுங்கூட வைக்கப்படவில்லை. இருளில் கரும்பும் இருளாகவே இருந்தது. அவர் பின்புறமாக மோதி விழுந்து, மருத்துவமனை சேருமுன் உயிர் நீத்தார். மனைவியும், இரண்டு சிறு பிள்ளைகளும், வயது முதிர்ந்த தாயும் எஞ்சினர்.

வண்டியின் உரிமையாளர் அடுத்த ஊர் உழவர். அவர் ஓடி ஒளிந்தாரல்லர். இறந்தார் வீட்டிற்கு வந்து அழுதார். ஈமச் செலவுக்குப் பணமும் கொடுத்தார். பின்னர் ஊர்ப் பெரியோர் கூடி, இரண்டு இலட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு இனி வழக்கில்லை என்று எழுதிக்கொடுக்கும்படி அவ்வம்மையாரைக் கேட்டனர். மாமியாரோ இரண்டு இலட்சமும் வேண்டா, வழக்கும் வேண்டா, பெற்ற பிள்ளையை விலைபேசி உண்ணும் சோறு தமக்குச் செல்லாது என்று கூறிவிட்டார். இவ்விருவர்க்கும் இடையே தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார். இறந்தார் திங்கள்தோறும் ஈட்டியது ஏறக்குறையப் பன்னிரண்டாயிரம். அதனைப் பதினெட்டாயிரம் என்று சொல்ல வேண்டும். தலைக்கவசம் வண்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனை அணிந்திருந்தார் என்று சொல்ல வேண்டும். மற்றவற்றைத் தாம் பார்த்துக்கொள்வதாக அவர் உரைத்தார்.

இவற்றையெல்லாம் கேட்டபின் யாம் சொன்ன முதல் விடையை இப்பொழுது எழுத நாணுகின்றோம். "எல்லாம் வினைப்பயன் அம்மா, ஆறுதல் கொள்ளுங்கள்" என்றேம். அவர் சிறிது நேரம் வாளா இருந்து, "அந்த வண்டிக்காரர் விளக்குப் போடாததும் என் வினைதானா ஐயா?" என்றார். யாம் நாற்பது ஆண்டு சித்தாந்த நூல்களைப் பயின்றும் பயிற்றியும் வருகின்றோம். அவ்வினாவிற்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. மறுநாள் வருமாறு சொல்லி அனுப்பினேம். அன்றிரவு எண்ணியவற்றையும் பின்னர்த் தெளிந்தவற்றையும் நூல் பயிலும் அன்பர்கள் ஆராய்தற்பொருட்டு ஈண்டு எழுதுகின்றோம்.

பெறுதலும் இழத்தலும், இன்பமும் பிணியும், மூப்பும் இறப்பும் ஆகிய ஆறும் உயிர் கருவிலே புகும்பொழுதே வரையறுக்கப்பட்டன என்பது சிவஞான சித்தியாரின் துணிபு. அதனை யாம் மறுக்கின்றேமல்லேம். ஆயினும் அத்துணிபினின்று, "இறப்பு ஊழால் வந்தமையின் அதற்குக் காரணமானவனைக் கேட்டல் தகாது" என்னும் முடிபு எங்ஙனம் பெறப்படும்? இரண்டிற்கும் இடையே ஒரு படி விடுபட்டுள்ளது. ஒருவன் நுகரும் வினை அவனுடைய பிராரத்தம். அதனை அவனுக்கு வந்து பொருந்தச் செய்தவனுடைய செயலோ செய்தவனுக்கு ஆகாமியம். ஒரே நிகழ்ச்சி ஒருவனுக்கு அறுவடையாகவும் மற்றொருவனுக்கு விதைப்பாகவும் இருத்தல் கூடும். அறுவடை செய்தவன் முன்பு விதைத்தவனே என்பதனால் இப்பொழுது விதைக்கின்றவன் விதையாதவன் ஆகிவிடான். அங்ஙனம் ஆமெனின், கொலைஞனும் கள்வனும் தாம் பிறருடைய வினையை ஊட்டுதற்கு வந்த ஏவலாளரென்று சொல்லிக் கைகழுவிச் செல்வர். அதன்பின் புண்ணியம் பாவம் என்னும் சொற்களுக்கே பொருளின்றாய்விடும். வினையை உயிர்க்குக் கூட்டுபவன் இறைவன் ஒருவனே என்பது நம் சமயத்தின் உயிர்நிலை. அவ்வேலையைத் தனதென்று சொல்லிக்கொள்ள எந்த மனிதனுக்கும் உரிமையில்லை.

அற்றேல், உரிமையாளர் கொல்லக் கருதினாரல்லரே. மனமின்றி நிகழ்ந்ததற்கு வினை ஏறுமோ எனின், கூறுதும். மனம் வாக்குக் காயம் என்னும் மூன்றினாலும் பிற உயிர்க்கு இதமும் அகிதமும் செய்தலே வினையாம் என்பர். விளக்கிடாமை காயத்தின் செயலன்றாயினும், அதன் பின்னே மனம் உண்டு. அச்சாலையில் இரவில் ஆட்கள் வருவர் என்பதை அவர் அறிவார். சிவப்புத் தாள் சில ரூபாயில் கிடைக்கும் என்பதையும் அறிவார். அறிந்தும், 'இன்று ஒரு நாள்தானே' என்றெண்ணிய எண்ணம் ஒன்று இருந்தது. பிறர் உயிரினும் தன் அவசரத்தைச் சற்று மேலாக வைத்த அவ்வெண்ணமே குற்றத்தின் வித்து. அது கொலையெண்ணம் அன்று. ஆயினும் ஒன்றுமில்லாததும் அன்று. அரசச் சட்டமும் இவ்வளவையே கூறுகின்றது. கவனக்குறைவால் இறப்பு விளைத்தலை அது கொலையினின்றும் வேறாக வைத்துச் சிறு தண்டம் விதிக்கின்றது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் இவ்வேறுபாட்டை விட்டுவிடவில்லை.

இனி, பிராரத்தம் இன்னதென்று முன்னரே அறிந்தார் யார்? இழத்தல் வரையறுக்கப்பட்டது போலப் பெறுதலும் வரையறுக்கப்பட்டதே. அவ்வம்மையார்க்கு ஈட்டுத்தொகை கிடைத்தல் ஊழில் உண்டோ இல்லையோ, கேட்டுப் பார்த்தபின்னன்றோ தெரியும்? காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மருந்து கொடாமல் ஊழென்று இருக்கும் தாயை நாம் சித்தாந்தி என்று போற்றுவதில்லை. கணவன் இறந்ததை மட்டும் ஊழாக்கி, பிள்ளைகள் பசித்திருப்பதையும் அதனோடு சேர்த்து ஊழாக்குதல், நாம் செய்யத்தக்கதைச் செய்யாதிருத்தற்கு இறைவன்மேற் பழிபோடுதலேயாம். எம் முதல் விடையில் இருந்த குற்றமும் இதுவே.

ஆரூரில் மனுச்சோழன் அரண்மனை வாயிலில் மணி கட்டியிருந்தான். கன்றை இழந்த பசு அதனைக் கொம்பால் அசைத்தது. இவ்வரலாற்றைப் படிப்போர் அரசனுடைய நீதியையே வியப்பர். பசுவின் செயலை எண்ணுவார் சிலர். அது வாயில்லாத உயிர், ஊழென்று போயிருக்கலாம். போகவில்லை. சேக்கிழார் அதனைப் பழித்ததுமில்லை. அமைச்சர் கழுவாய் கூறியபோது, பிறர் செய்தாற் கொல்வதும் தன் மகன் செய்தாற் கழுவாய் தேடுவதும் எங்ஙனம் ஒக்கும் என்று அரசன் மறுத்தான். மகன்மேல் தேரூர்ந்த அவ்வளவிற்கு நாம் செல்ல வேண்டுவதில்லை. மணி தொங்குவது கேட்கப்படுதற்கே என்பது மட்டும் ஈண்டு வேண்டப்படும். முடிவில் இறைவன் அருளால் கன்றும் மகனும் எழுந்தனர். எக்காலத்து நீதிமன்றமும் அதனைச் செய்ய வல்லதன்று. அதனால் இயன்றது ஒரு தொகை எழுதுதலே.

இத்தொகையைக் குறித்து மாமியார் கூறியதே கடினமான தடை. அதனை அறியாமையென்று தள்ளிவிடல் ஆகாது. உயிர்க்கு விலையுண்டோ? இல்லை. விலையில்லாததற்குப் பொருள் பெற்றால் அது விற்பனையன்றோ?

ஆங்கில நாட்டிலும் ஒருகாலத்து இவ்வையமே சட்டமாக இருந்தது. 1808-இல் ஒருவர் தம் மனைவியோடு சென்ற குதிரை வண்டி கவிழ்ந்து, மனைவியார் ஒரு திங்கள் கழித்து இறந்தார். வழக்கைக் கேட்ட எல்லன்பரோ பிரபு, மனித உயிரின் இறப்பை உரிமை வழக்கில் இழப்பாக முறையிடல் கூடாதென்று சொல்லி, அவர் இறக்கும் வரையுள்ள காலத்து இழப்பிற்கே ஈடு கொடுப்பித்தார். கேட்பதற்கு உயர்ந்த கொள்கை போலத் தோன்றும். விளைந்ததோ வேறு. ஒருவனைக் காலொடிய மோதினவன் கொடுக்க வேண்டும். சாக மோதினவன் கொடுக்க வேண்டுவதில்லை. இருப்புப்பாதை வண்டிகள் பெருகி இறப்பும் பெருகிய பின்னர் 1846-இல் காம்பெல் பிரபு முயன்று புதிய சட்டம் செய்வித்தார். உயிரைக் கொன்ற பொருளை அரசர்க்கு உடைமையாக்கும் பழைய வழக்கமும் அவ்வாண்டிலேயே ஒழிக்கப்பட்டது. ஒன்பதாண்டு கழித்து, 1855-இல், அதனைத் தழுவிய சட்டம் இந்நாட்டிற்கும் வந்தது. மனைவி, கணவர், பெற்றோர், மக்கள் ஆகியோர்க்கு இறப்பினால் நேர்ந்த இழப்பின் அளவே ஈடு என்று அது கூறும். உயிரின் விலையென்று அதில் யாண்டும் இல்லை என்பதை நோக்குக.

நம் நாட்டுப் பழைய நெறியும் ஈண்டு நோக்கற்பாலது. சோழர் காலத்துக் கல்வெட்டுக்கள் சில, வேட்டையிலோ பிறவாற்றாலோ கை தவறி ஒருவன் மற்றொருவனைக் கொன்றவிடத்து, நாட்டார் கூடி, கருதிச் செய்யாமையின் அவனைக் கொல்லவேண்டா என்றும், இறந்தான் பொருட்டுக் கோயிலில் நந்தா விளக்கு எரிக்கக்கடவன் என்றும் முடிவு செய்ததைக் கூறும். அதன்பொருட்டுத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் விடப்படும். சாவா மூவாப் பேராடு என்பது அவற்றிற்குப் பெயர். ஆடு சாகும், ஈனும், எண்ணிக்கை குறையாது, விளக்கும் அணையாது. இவ்வேற்பாட்டின் அழகு எம்மை இளமை தொட்டே கவர்ந்ததுண்டு. கருதிச் செய்ததையும் கருதாது செய்ததையும் வேறு பிரித்த நுட்பம் பெரிது. ஆனால் இவ்வம்மையார் எம்முன் அமர்ந்திருந்த நாளின் இரவில் அக்கல்வெட்டுக்களை எண்ணியபோது முன் தோன்றாத ஒன்று தோன்றியது. அம்பு பட்டு இறந்தவனுக்கு மனைவி இருந்திருப்பாள். தொண்ணூறு ஆடும் கோயிலுக்கே சென்றன. நெய்யெல்லாம் விளக்கிற்கே சென்றது. அவள் என்ன உண்டாள் என்பது யாம் படித்த கல்லில் இல்லை. ஒருவேளை நாட்டார் வேறு வகையாற் காத்திருக்கலாம். கல் அதனைச் சொல்லவில்லை.

இனி இக்காலத்துத் தீர்ப்பாயங்கள் தொகை கணிக்கும் முறையைக் கூறினால், அது விலையா அன்றா என்பது தானே விளங்கும். 2009-லும் 2017-லும் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. இறந்தவர் நாற்பது வயதிற்குட்பட்டுத் தாமே தொழில் செய்து வாழ்ந்தவராயின், அவர் வருவாயோடு பிற்கால வளர்ச்சிக்காக நூற்றுக்கு நாற்பது கூட்டுவர். அவரைச் சார்ந்து வாழ்ந்தோர் நால்வர் முதல் அறுவராயின், அவர் தமக்கெனச் செலவிட்டிருப்பார் என்று நாலில் ஒரு பங்கு கழிப்பர். எஞ்சியதை ஆண்டுக் கணக்காக்கி, வயதிற்குரிய எண்ணால் பெருக்குவர்; முப்பத்தாறு முதல் நாற்பது வரையுள்ள வயதிற்கு அவ்வெண் 15. இவ்வம்மையார் கணவர்க்குத் திங்கள் வருவாய் ரூ. 12,000 எனக் கொண்டால், நாற்பது விழுக்காடு கூட்ட 16,800, நாலிலொன்று கழிக்க 12,600, ஆண்டிற்கு 1,51,200, பதினைந்தாற் பெருக்க 22,68,000.

இதன்கண் உயிரின் விலை எங்குளது? அவர் இருந்திருந்தால் அடுப்பிற்கும் பள்ளிக்கும் தாயின் மருந்திற்கும் கொடுத்திருக்கக்கூடியது எவ்வளவு என்பதே கணக்கு. மணம் செய்தபொழுதே மனைவிக்கும், பெற்றபொழுதே பிள்ளைகட்கும், பிறந்தபொழுதே தாய்க்கும் அவர் பட்ட கடன் அது. அக்கடனை அடைத்துக்கொண்டிருந்த கையை ஒருவருடைய கவனமின்மை ஒடித்துவிட்டது. ஒடித்தவரோ அவர்க்குப் பிணைநின்ற காப்பீட்டு நிறுவனமோ அதனைத் தொடர்ந்து அடைத்தல் வேண்டும் என்பதே வழக்கின் பொருள். இறந்தவர் மகனாகவும் தந்தையாகவும் செய்யக்கருதியதை இறந்தபின்னும் செய்கின்றார் என்று கொள்ளினும் பொருந்தும். பிள்ளையை விற்ற பணம் என்று மாமியார் சொன்னார். பிள்ளை அனுப்பும் பணம் என்று அவர் எண்ணிப் பார்க்கலாம் என்று சொல்லி விடுத்தேம்.

ஒன்று மட்டும் எமக்கு நகையும் துயரும் ஒருங்கு தந்தது. கணவனை இழந்த மனைவியின் துணையிழப்பிற்கென்று மேற்கூறிய 2017-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வரையறுத்த தொகை ரூ. 40,000, மூவாண்டிற்கொருமுறை பத்து விழுக்காடு கூட்டுக என்பது விதி. மாதொருபாகன் திருமுன்னிலையில் இருந்துகொண்டு இக்கணக்கை யாம் அவ்வம்மையார்க்குச் சொல்ல நேர்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நீதிமன்றமும் அறியும், இத்தொகை அவ்விழப்பிற்கு அளவன்று என்று. ஒன்றும் எழுதாது விடுதலினும் ஏதோ ஒன்று எழுதுதல் நன்றென்று எழுதினர் போலும்.

பிணை என்றேம். கொடுப்பது காப்பீட்டு நிறுவனம், பிழைத்தவர் வேறொருவர். அப்படியாயின் பிழைத்தவருடைய வினை தீருமோ என்று சிலர் வினவுவர். தீராது. ஒருவர் செய்த தீவினையை மற்றொருவர் பணத்தாற் கழித்தல் சித்தாந்தத்திற்கு ஒவ்வாது. அரசனும் ஈசன் அருள்வழி நின்று தீயோரைத் தண்டித்து அவர் வினையைத் தீர்க்கின்றான் என்பது சித்தியார் கருத்து. அத்தண்டம் குற்ற வழக்கின்பாற்பட்டது. ஈட்டு வழக்கு வேறு. முன்னது செய்தவரை நோக்குவது, பின்னது இழந்தவரை நோக்குவது. பிணைநின்றார் கொடுத்தல் நமக்குப் புதியதன்று. பழையனூர் வேளாளர் எழுபதின்மர் ஒரு வணிகன் உயிர்க்குத் தாம் பிணையென்று சொல்லி, அவன் நீலியால் மாண்டபின் சொன்ன சொல் தவறாது தீப்புகுந்தனர். அவர்கள் அவனைக் கொன்றாரல்லர். ஆயினும் பிணை பிணையே. இக்காலத்துப் பிணையாளர் தீப்புகுதல் வேண்டா. காசோலை எழுதினாற் போதும். அதற்கும் அவர்கள் எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்கின்றனர் என்பது வழக்காடினார் அறிவர்.

இனி, பொறுத்தலைப் பற்றிக் கூறல் வேண்டும். ரிஷிவந்தியத்தில் இருந்துகொண்டு இதனை எழுதுவார் திருக்கோவலூரை மறத்தல் இயலாது. மெய்ப்பொருள் நாயனார் அரசு புரிந்தது அங்கே. திருநீற்று வேடத்தில் மறைந்து வந்த முத்தநாதன் குத்தியபோது, வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அவனை ஊர் எல்லை கடத்தி விட்டுவருமாறு ஏவி, அச்செய்தி வருங்காறும் உயிர் தாங்கியிருந்தார் அப்பெருமான். ஊர்ப் பெரியோருள் ஒருவர் இவ்வரலாற்றையே எடுத்துக்காட்டி, கருதிக் கொன்றவனையே பொறுத்த மண்ணில், கருதாது பிழைத்த ஏழை உழவரைப் பொறுத்தலாகாதோ என்றாராம். நல்ல கேள்வி. காப்பீடு இருப்பினும், டிராக்டரைக் கூலிக்கு ஓட்டினார் என்று சொல்லி நிறுவனம் மறுக்கக்கூடும். கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் பெற்றுக்கொள்க என்று தீர்ப்பாயம் சொல்லவுங்கூடும். உழவர் அஞ்சியது அதனாலேயே. அவ்வச்சம் பொய்யன்று, யாமும் அவர்பொருட்டு இரங்கினேம்.

ஆயினும் நாயனார் பொறுத்தது தம் உயிரை. அது அவருக்கே உரியது. கொடுக்கவும் அவருக்கு உரிமையுண்டு. பிறருடைய இழப்பை அவர் பொறுக்கவில்லை. இறந்த கொத்தனார் மண்டை உடைந்து கிடந்த அந்நேரத்தில் அவ்வுழவரைப் பொறுத்தாரோ இல்லையோ, அறியோம். மனைவியார் தம் துயரைப் பொறுக்கலாம். தம் பங்கை வேண்டாவென்று விடவும் விடலாம். ஆறு வயதும் மூன்று வயதும் ஆன பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுத்தற்கு அவர் யார்? காவலர் மட்டுமே. இளையோர் வழக்கில் செய்யும் உடன்பாடு நீதிமன்றத்தின் இசைவின்றி அவர்களைக் கட்டுப்படுத்தாது என்று சட்டம் கூறுவதும், அவர் பங்கைப் பருவம் எய்துமட்டும் வங்கியில் இட்டுவைக்கத் தீர்ப்பாயங்கள் ஆணையிடுவதும் இவ்வறத்தை ஒட்டியே. பிறர் பொருளை எடுத்து வழங்கிவிட்டு அருளாளர் எனப் பெயர் பெறுதல் எளிது. மேலும், பொறுத்தல் என்பது உள்ளத்தில் பகை கொள்ளாமை. கணக்குக் கேளாமை அன்று. வழக்கு நடக்கும்பொழுதே அவ்வுழவர் வீட்டு மணத்திற்குச் சென்று வாழ்த்துதலும் கூடும். கேளாமலே விட்டுவிட்டுப் பத்தாண்டு உள்ளே புழுங்குவாரையும் யாம் கண்டுள்ளேம்.

இம்மாவட்டத்தில் இன்னும் ஆறாத புண் ஒன்றுண்டு. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைப் பருகி அறுபதின்மர்க்கு மேற்பட்டோர் இறந்தனர். இறந்தோர் குடும்பத்திற்குப் பத்து இலட்சம் ரூபாய் அரசு அறிவித்தது. அது தகாதென்று பொதுநல வழக்கும் தொடுக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் புலன்விசாரணை மத்தியப் புலனாய்வு நிறுவனத்திற்கு உயர்நீதிமன்றத்தால் மாற்றப்பட்டது. குடித்துச் செத்தார்க்குக் கொடுப்பதா என்று அந்நாளில் தெருவெங்கும் பேச்சு. யாம் கள்ளுண்ணாமையை அறமெனக் கொண்டொழுகும் மரபினேம். குடியை எவ்வாற்றானும் தாங்கிப் பேசோம். ஆயினும் அப்பேச்சில் இரண்டு பிழை கண்டேம். குடித்தவன் மயக்கத்தை விலைகொடுத்து வாங்கினான், நஞ்சை அன்று. அவன் தவறு அவனைச் சாரும். நஞ்சு விற்றவன் தவறு அதனால் மறையாது. இரண்டாவது, அவன் பிள்ளைகள் குடித்திலர்.

ஈண்டு மற்றொன்றும் ஆராயத்தக்கது. அரசு கொடுத்ததற்குக் கருணைத் தொகை என்றே பெயர். கருணை என்னும் சொல் நமக்கு இறைவனுடைய திருவருளைக் குறிப்பது. கருணை கொடுப்பார் விரும்பினால் உண்டு, விரும்பாவிடின் இல்லை. எவ்வளவு என்று கேட்டலும் முறையன்று. இழப்பீடோ உரிமை, ஏன் இவ்வளவு என்று கேட்கலாம், குறைந்தால் மேன்முறையிடலாம். இவையிரண்டும் ஏழைகள் மனத்தில் ஒன்றாய்க் குழம்பிக் கிடத்தலால், கருணையைப் பெற்றோர் உரிமையைக் கேட்க நாணுகின்றனர்; உரிமையைக் கேட்போர் இரப்போர் போல் நடத்தப்படுகின்றனர். 2004 ஜூலை 16-இல் குடந்தைப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டபின், அவர்தம் பெற்றோர் முதலிற் கிடைத்த தொகையோடு அமையாது பத்தாண்டிற்கு மேலாக நீதிமன்றப் படி ஏறினர். பணத்தாசை என்று அவர்களைப் பழித்தாரும் உண்டு. தம் குழந்தை ஏன் இறந்தது, யார் பொறுப்பு என்பதை அரசும் பள்ளியும் அவையறியச் சொல்லவேண்டும் என்பதற்கு அவர்கள் கையில் அகப்பட்ட கயிறு அதுவே. மணியின் கயிறு என்க.

இனி, தரகர் சொன்ன பொய். மறுநாள் வந்த அம்மையார் இதனையே மிகவும் வற்புறுத்திக் கேட்டார். பொய் தகாது என்பது அவர்க்குத் தெரியும். "என்னுடைய மெய்க்காகப் பிள்ளைகளுடைய பணம் குறைந்தால் அது பாவமில்லையா ஐயா?" என்றார். பன்னிரண்டாயிரத்தைப் பதினெட்டாயிரம் ஆக்கினால் மேற்கண்ட கணக்கு ரூ. 34,02,000 ஆகும். வேறுபாடு பதினோரு இலட்சத்திற்கு மேல். தலைக்கவசம் அணியாமை தெரிந்தால் அதன்பொருட்டும் ஒரு பங்கு கழிக்கப்படலாம். சிறு தொகையன்று, பெண் குழந்தை ஒன்றின் கல்லூரிப் படிப்பு. வயிறு நிறைந்தவர் இருந்த இடத்திலிருந்து வாய்மை பேசுதல் எளிது என்பதை யாம் அறிவேம். ஆதலின் தயங்கியே விடை கூறினேம்.

பிள்ளைகட்கு உரியது அவர்கள் இழந்தது. இழந்ததைக் கேட்கும்வரை அது கடன். தந்தையின் கை நீண்டு கொடுப்பது. இழவாததைச் சேர்த்துக் கேட்டால், சேர்த்த அப்பகுதிக்கு அடியில் தந்தையின் உழைப்பு இல்லை. அவருடைய இறப்பு மட்டுமே உளது. உழைப்பில் விளையாது இறப்பில் மட்டும் விளைந்த பொருளை என்னென்பது? மாமியார் சொன்ன சொல் அவ்விடத்துப் பொருந்திவிடும். இதுகாறும் பொய்யாயிருந்த அப்பழி அப்பொய்யினாலே மெய்யாம். ஆதலின் வாய்மை பிள்ளைகளின் பங்கைக் குறைப்பதன்று. எது அவர் பங்கு என்பதைக் காட்டுவது என்றேம். அவர் முகத்தில் தெளிவு வந்ததென்று சொல்ல மாட்டோம். "சரிங்க ஐயா" என்றார், அவ்வளவே.

தொழில்முறையாற் சிலவற்றை நண்பராகிய வழக்கறிஞர் ஒருவர் அவர்க்குச் சொன்னார். கூலிக்குச் சீட்டு இல்லாவிடினும் தீர்ப்பாயம் தொழிலையும் நாட்கூலி நிலையையும் நோக்கி ஒரு வருவாயைக் கருதிக்கொள்ளும். உடன் வேலை செய்தார் சான்று கூறலாம். குற்ற வழக்கிற் போல ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டுவதில்லை, எது பெரிதும் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதே அளவு. வாழும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். காலம் தாழ்த்தல் மட்டும் ஆகாது. 2019-இல் செய்த திருத்தம், விபத்து நிகழ்ந்து ஆறு திங்களுள் மனுச் செய்க என்று வரம்பிட்டு, 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. துயர் ஆறும் வரை பொறுத்திருந்து கேட்போம் என்று எண்ணுவோர்க்கு இவ்வரம்பு கொடியது. நாற்பதாம் நாள் சடங்கு முடியாமுன் தாள் தேடவேண்டியிருக்கின்றது. சட்டம் செய்தோர் இழவு வீட்டைக் கண்டிருப்பார்களோ என்று ஐயுற்றோம்.

ஆடி பிறக்குமுன் மனுக் கொடுக்கப்பட்டது. வருவாய் பன்னிரண்டாயிரம் என்றே எழுதினர். தலைக்கவசத்தைப் பற்றி மனுவில் யாதும் எழுதவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்வதாக அம்மையார் கூறியிருக்கின்றார். மாமியார் கையொப்பமிட மறுத்தமையால், அத்தகையோரை எதிர்மனுதாரர் வரிசையிற் சேர்ப்பதே விதி என்று வழக்கறிஞர் அங்ஙனமே சேர்த்தார். தம் மகன் வழக்கில் தம் பெயர் டிராக்டர் உரிமையாளர் பெயரோடு ஒரே வரிசையில் நிற்பதை யாரோ அவர்க்குப் படித்துக்காட்டினர் போலும். புரட்டாசியில் ஒரு நாள் அவர் பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எம் வீட்டிற்கே வந்துவிட்டார். வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. தமக்கென்று ஏதேனும் பங்கு வருமாயின் அதனைக் கொண்டு ரிஷிவந்தியம் கோயிலில் மகன் பெயரால் விளக்கெரிக்கலாமா என்று மட்டும் கேட்டார். கல்வெட்டில் உள்ள ஆடுகளை யாம் அவர்க்குச் சொல்லவில்லை. பேரன் திண்ணையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். எரிக்கலாம் அம்மா, எத்தனை விளக்கு என்பதைத் தொகை வந்தபின் மருமகளோடு இருந்து பேசிக்கொள்ளுங்கள் என்றேம். மருமகளிடம் தாம் பேசி எட்டு மாதம் ஆயிற்று என்றார். வழக்கு இன்னும் நடைபெறுகின்றது.